மஞ்சள் கயிறு கட்டிய பாட்டில்

அக்கா,

இன்று காலை கார்க் கதவைத் திறந்ததும் குப்பென்று அடித்தது உங்கள் கடை வாசனை. மீனும் உப்பும் மாதக்கணக்கில் ஒன்றாகக் கிடந்து ஊறிய அந்த வாசனை. ஒரு காலை உள்ளே வைத்த என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"என்னங்க இது, கருவாட்டு மூட்டையா ஏத்துனீங்க?"

பழைய ஆளாக இருந்தால் வாய்க்கு வந்த ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருப்பேன். நாக்கு நுனிவரை வந்தது. "அக்கா கடைப் பாட்டில். மூடி சரியா மூடல, சீட்டுல கொட்டிடுச்சு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேற்று சீர்காழியில் நடந்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். "இன்னும் போன் வரலையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

வரவில்லை. குடோன் வாசலில், வேப்ப மர நிழலில் காரை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து லாரி ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போன் மடியில் இருக்கிறது. மகள் வாழப் போன வீடு இனி என்னை உள்ளே விடுமா, விட்டாலும் அவளை எந்தக் கண்ணால் பார்க்கும் என்பது அவள் கூப்பிட்டால்தான் தெரியும். தேங்காய் லாரி கவிழ்ந்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

உங்களை முதலில் பார்த்ததே சண்டையில்தான். பேராவூரணிச் சந்தையில் காய் மூட்டை தூக்கிப் பிழைப்பைத் தொடங்கி, தஞ்சாவூரில் குடோன் போடும் அளவுக்கு வந்தவன் நான். தேங்காயில் எனக்கு ஒருவர் பாடம் சொல்வதா என்ற திமிர் உண்டு. மருத்துவக் கல்லூரிச் சாலையிலிருந்து பிரியும் சந்தில் ஏதோ தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையாம், நூறு காய் கேட்கிறார்கள் என்று அனுப்பினேன். அறுபது காய் திரும்பி வந்தது. கேட்டுவிடலாம் என்று நானே கிளம்பி வந்தேன். நீங்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, கத்தியின் முதுகால் ஒவ்வொரு காயையும் தட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"இது எண்ணெய்க்கு ஆகும். இது சாமிக்கு உடைக்க. இது உங்களுக்கே ஆகட்டும். எனக்குப் பாலுக்கு வேணும்."

"அம்மா, நான் இந்தத் தொழில்ல முப்பது வருஷமா இருக்கேன்."

"அப்ப முப்பது வருஷமா யாரும் திருப்பி அனுப்பல போலிருக்கு."

கோபமாகத்தான் உட்கார்ந்தேன். சாப்பிடாமல் போகக் கூடாது என்றீர்கள். ஐந்தே மேசை. பள்ளிக்கூடத்துச் சிலேட்டில் அன்றைக்கு என்ன என்று மூன்று வரி எழுதியிருக்கும், அதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. நண்டு சரியில்லை என்றால் வாசலில் வந்து நின்று "இன்னைக்கு வேணாம், நாளைக்கு வாங்க" என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவீர்கள். சூப் வந்ததும் மின்விசிறியை நிறுத்திவிடுவீர்கள். ஆறிப்போகுமாம். வியர்த்து ஊற்றும், யாரும் வாயைத் திறக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் கரண்டி வாயில் போகும்வரை மேசைப் பக்கத்திலிருந்து நகர மாட்டீர்கள். "முதக் கரண்டிய நான் பாக்கணும். அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணுங்க."

அன்று பச்சை நிறத்தில் ஒரு குழம்பு. பேரரத்தை, எலுமிச்சைப் புல், நார்த்தை இலைக்கு அக்கா முறை என்று நீங்கள் சொல்லும் ஒரு இலை. என் காயில் பிழிந்த முதல் பால். தாய்லாந்து அரிசி எங்கே என்று கேட்டதற்கு, "சீரகச்சம்பா விளையுற ஊர்ல உக்காந்துக்கிட்டு கேக்குற கேள்வியா இது?" என்று வாயை அடைத்தீர்கள். முதல் கரண்டியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த அறுபது காயைத் திருப்பியது நியாயம்தான் என்று. ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து உங்களுக்கான காயை நானே தட்டிப் பார்த்து எடுத்து வைத்தேன்.

உங்கள் கதையை நீங்களாக உட்கார்ந்து சொன்னதில்லை. வெங்காயம் உரிக்கும்போது ஒன்று, இலை கிள்ளும்போது ஒன்று என்று வந்தது. குடவாசல் பக்கம் நாற்று நட்ட குடும்பம். கட்டியவர் ஆறே மாதத்தில் விட்டுவிட்டுப் போக, சிங்கப்பூரில் ஒரு தாய்லாந்துக்காரம்மா கடையில் பாத்திரம் கழுவப் போய், அங்கேயே அடுப்புக்கு முன்னால் பத்தொன்பது வருஷம். அடுத்தவர் கடையில் வேலைக்கு இருந்தது போதும் என்று திரும்பி வந்து இந்தச் சந்தில் அடுப்பு மூட்டினீர்கள்.

இனிச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

மகளுக்குச் சீர்காழியில் சம்பந்தம் கூடி வந்தது. நிலமும் ஜவுளிக் கடையும் உள்ள குடும்பம், தலைமுறை தலைமுறையாகச் சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட மாட்டார்கள். பையன் தங்கம். அவனுடைய அம்மாவுக்குத்தான் என்னைப் பார்த்தால் கொஞ்சம் இளப்பம். மூட்டை தூக்கியவன் என்று எவனோ சொல்லியிருக்கிறான். தட்டு மாற்றுவதற்கு முன் ஒருநாள் தஞ்சாவூர் வருகிறோம் என்றார்கள். அவர்கள் பார்த்திராத ஒன்றைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. உங்களிடம் வந்து நின்றேன்.

"வேணாங்க" என்றீர்கள். "என் கடைச் சுவத்துக்கே மீன் வாசம். சைவக்காரங்கள எங்கிட்ட கூட்டிட்டு வராதீங்க."

"ஒரு நாளைக்கு மட்டும் சைவமா செஞ்சு குடுங்கக்கா. என் மக கல்யாணம்."

யோசித்தீர்கள். அன்று வேறு யாருக்கும் கடை கிடையாது என்று நாற்காலியை வாசலில் குறுக்கே போட்டுவிட்டீர்கள். வாணலி, சட்டி, இடிகல், கரண்டி எல்லாம் புதிதாக வாங்கி மஞ்சள் தண்ணீரில் கழுவியிருந்தீர்கள். எனக்குக் காட்டினீர்கள். "மீனையும் உப்பையும் ஊறப்போட்டு எடுக்குற மீன் தண்ணிக்குப் பதிலா சோயா சாஸ்ல எலுமிச்சம்பழம், வெல்லம், மொளகா போட்டுத் தனியா ஒரு பாட்டில் வச்சிருக்கேன். பயப்படாதீங்க" என்றீர்கள். நான்தான் அப்போதும் பயந்துகொண்டிருந்தேன். கைக்குட்டை நனைந்துவிட்டது.

கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட பச்சைக் குழம்பு, இடித்த பப்பாளிக்காய். சம்பந்தியம்மா முதலில் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார், பிறகு நன்றாகவே சாப்பிட்டார். நீங்கள் முதல் கரண்டியைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பலகாரம் பொரிக்கத் தொடங்கியிருந்தீர்கள்.

"கொஞ்சம் சப்புன்னு இருக்கு சம்பந்தி. தொட்டுக்க ஏதாச்சும் இருக்கா?"

அந்த ஒரு வார்த்தைக்கு நான் துள்ளி எழுந்தேன். உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அலமாரியில் இரண்டு பாட்டில், இரண்டும் ஒரே அளவு, இரண்டிலும் பழுப்பு நிறத்தில் மிளகாய் மிதக்கிறது. ஒன்று வெறும் பாட்டில். இன்னொன்றின் கழுத்தில் மஞ்சள் கயிறு. நம் ஊரில் பிறந்த எவனும் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். மஞ்சள் கட்டியது சுத்தமானது, இவர்களுக்கென்று தனியாக எடுத்து வைத்தது. அதைக் கொண்டுபோய் என் கையாலேயே அவர் தட்டில் ஊற்றினேன்.

இரண்டு வாய் சாப்பிட்டார். "ம்ம்" என்றார். "இதுல என்ன, பெருங்காயமா? நல்லா தூக்கலா இருக்கே." இன்னும் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

பலகாரத் தட்டோடு நீங்கள் வந்தீர்கள். பாட்டிலைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் போன போக்கிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. தலையை இப்படியும் அப்படியுமாக ஒரு துளி ஆட்டினேன். சொல்லாதீர்கள் என்று. நீங்கள் குனிந்து, அவர் கை தட்டில் இருக்கும்போதே தட்டை வெடுக்கென்று எடுத்துவிட்டீர்கள்.

சம்பந்தியம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற தட்டைப் புடுங்குறது எந்த ஊர்ப் பழக்கம்? உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"குடவாசல் பக்கம்ங்க."

"குடவாசல் பக்கம் எங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னீர்கள்.

"அங்க எந்தத் தெரு?"

தெருவையும் சொன்னீர்கள், குரல் இறங்காமல். சம்பந்தியம்மா தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "அதான்" என்றார்.

அந்த ஒரே சொல்தான். அதற்குள் எல்லாம் இருந்தது. தப்பு செய்தவன் நான், பக்கத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தேன். "தப்புதாங்க. ஈ விழுந்துடுச்சு. வேற தட்டு கொண்டாறேன்" என்று நீங்கள் உள்ளே போனீர்கள்.

அவர்கள் கிளம்பிய பிறகு புதுச் சட்டிகளைக் கழுவிக்கொண்டே கேட்டீர்கள், "ஏன் அந்தப் பாட்டில எடுத்தீங்க?"

"மஞ்சக் கயிறு கட்டியிருந்துச்சேக்கா."

கையிலிருந்த சட்டியை வைத்துவிட்டு, அந்த நிலைமையிலும் சிரித்தீர்கள். "எனக்குக் கட்டுனவன் ஆறு மாசத்துல போயிட்டான். பத்தொம்பது வருஷமா கூடவே இருந்து சோறு போட்டது இந்த மீன் தண்ணிதான். அதான் அதுக்குக் கட்டுனேன். வேடிக்கைக்குக் கட்டுனது இப்படியா ஆவணும்?" பிறகு சிரிப்பு நின்றது. "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். நான் சொன்னா உங்க மக கல்யாணம் நிக்கும், அதுக்காகப் பொறுத்துக்கிட்டேன். ஆனா அந்தம்மா விரதம் இருக்குறவங்க. தெரியாம சாப்பிட்டிருக்காங்க. நீங்கதான் சொல்லணும். அவசரமில்ல. ஆனா சொல்லணும்."

கல்யாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது. குழந்தை பிறக்கட்டும் என்றேன். பேரன் பிறந்தான். காது குத்தட்டும் என்றேன். ஒவ்வொரு முறை கடைக்கு வரும்போதும் மேசையைத் துடைத்தபடி கேட்பீர்கள், "சொல்லிட்டீங்களா?" "இன்னும் இல்லக்கா." "அப்ப இன்னைக்கு மூணு மொளகா." அடுத்த முறை நான்கு. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிடுவேன். பக்கத்து மேசையில் இருக்கும், டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள், ஏதோ காரம் சாப்பிடும் பந்தயம் என்று நினைத்துக் கைதட்டுவார்கள். கடைசியாகச் சாப்பிட்டபோது ஒன்பது. நீங்கள் விளையாட்டாகத்தான் செய்தீர்கள். எனக்கு மட்டும் அது விளையாட்டில்லை.

போன மாசியில் நெஞ்சுவலி என்று உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு நாள் இருந்தீர்கள். நான் வந்தேன் அக்கா. யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் வாசல் டீக்கடையைத் தாண்டி வரவில்லை. உள்ளே வந்தால் கேட்பீர்களே என்று பயம். டீயைக் குடித்துவிட்டு நாளைக்கு வந்துகொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். அந்த நாளை வரவில்லை.

காரியம் முடிந்து உங்கள் தம்பி குடோனுக்கு வந்தார். பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து வைத்தார், கால்வாசி மீன் தண்ணீரோடு, அதே மஞ்சள் கயிறோடு. "அக்கா உங்ககிட்ட குடுக்கச் சொல்லிச்சுங்க. சொன்னதுக்கப்புறம் கொட்டிடச் சொல்லுன்னுச்சு. என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியாது." மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சந்தில் உங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். கேட்க ஆளில்லை, இனித் தப்பித்தோம் என்று ஒரு நினைப்பு வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன், வந்தது.

போன மாதம் சம்பந்தியம்மா காய்ச்சலில் படுத்து எழுந்தார். நாக்கு செத்துப்போய்விட்டது, எதை வாயில் வைத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்று மகள் சொன்னாள். ஆள் பாதியாகிவிட்டார். ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

"சம்பந்தி, அன்னைக்கு அந்தக் கடையில நீங்க ஊத்துனீங்களே, பெருங்காய வாசமா ஒண்ணு. அது நெனப்பாவே இருக்கு. அது இருந்தா ரெண்டு வாய் கஞ்சி இறங்கும்போல. அந்தக் கடைக்காரம்மாதான் ஒரு மாதிரி, அந்தப் பாட்டில் மட்டும் வாங்கித் தாங்களேன்."

என் வியாபாரி புத்தி உடனே வேலை செய்தது. சோயாவில் எலுமிச்சை பிழிந்து, வெல்லம் போட்டு அனுப்பினேன். இது இல்லை என்று செய்தி வந்தது. அடுத்த வாரம் அதிலேயே கட்டிப் பெருங்காயத்தைக் கரைத்து அனுப்பினேன். சிரிக்காதீர்கள். நம்பிக்கையோடுதான் அனுப்பினேன். "இதுவும் இல்ல சம்பந்தி. உங்களுக்கு எதுக்குச் சிரமம், விடுங்க" என்றார். அந்தக் குரல் மெலிந்திருந்தது. அவர் கேட்டதை என்னால் கொடுக்கவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. அந்த இரவுகளில் உங்கள் பாட்டில் இழுப்பறைக்குள் இருப்பது வீட்டிலிருக்கும் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

நேற்றுக் காலை அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சீர்காழி போய்ச் சேரும்வரை மூன்று இடத்தில் நிறுத்தினேன். டீ குடிக்க என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கூடத்தில் அவர் மட்டும் சாய்வு நாற்காலியில் இருந்தார். மகள் உள்ளே குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை, காரிலேயே வைத்துவிட்டேன். உட்காராமலே சொன்னேன்.

"அன்னைக்கு நான் ஊத்துனது மீன்ல செஞ்சதுங்க. தெரியாம மாத்தி எடுத்துட்டேன். ஆனா அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இத்தனை நாளா மறைச்சுட்டேன்."

அவர் கை தன்னையறியாமல் உதட்டுக்குப் போனது.

"அந்தம்மா என் தட்டைப் புடுங்குனது அதுக்குத்தானா?"

"ஆமாங்க."

"ஈ விழுந்துச்சுன்னாங்களே?"

"என் மக கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு அப்படிச் சொன்னாங்க."

"நான் அவங்கள எந்தத் தெருன்னு கேட்டேன்."

உதட்டிலிருந்த கையை எடுத்தார்.

"அவங்க இருக்காங்களா?"

"இல்லீங்க. மாசியில போயிட்டாங்க. தம்பி ஒருத்தர்தான் ஊர்ல இருக்காரு."

எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. வாய் கொப்பளித்தாரா, குளித்தாரா, அழுதாரா, தெரியாது. மகள் வெளியே வந்தாள். உள்ளிருந்தே கேட்டிருக்கிறாள். "கிளம்புங்கப்பா. நான் கூப்பிடுறேன்" என்றாள். மாப்பிள்ளைக்கும் அவர் அப்பாவுக்கும் அவள்தான் சொல்ல வேண்டும். அந்தப் பாரத்தை அவள் தலையில் வைத்துவிட்டு வந்தேன்.

கும்பகோணம் தாண்டுமுன் காவிரிப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டினேன். சொன்ன பிறகு கொட்டிவிடச் சொன்னீர்களே. மூடியைத் திறந்துவிட்டேன். கீழே தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. சாய்க்க மனம் வரவில்லை. உங்களை இன்னொரு முறை தள்ளிவிடுகிற மாதிரி இருந்தது. மூடியைச் சரியாகத் திருகாமல் சீட்டில் வைத்துவிட்டேன் போலிருக்கிறது. அதுதான் இந்த வாசனை.

இதுவரை எழுதியபோது போன் அடித்தது அக்கா. மகள்தான். இரண்டு முறை அடிக்கவிட்டுத்தான் எடுத்தேன்.

"அப்பா, அத்தை நேத்துலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல. இப்பத்தான் எழுந்திரிச்சு வந்தாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க."

"என்னம்மா?"

"அந்தக் கடைக்காரம்மாவோட தம்பி வீடு குடவாசல் பக்கந்தானே, எந்தத் தெருன்னு கேக்குறாங்க."

"எதுக்காம்?" என்றேன்.

"எதுக்குன்னு சொல்லலப்பா. நாளைக்குக் காலையில தஞ்சாவூர் வர்றாங்களாம். நீங்கதான் வண்டியில கூட்டிட்டுப் போகணுமாம்."

தெருவைச் சொன்னேன். அன்று நீங்கள் சொன்ன மாதிரி குரல் இறங்காமல் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை.

அவர் எதற்கு வருகிறார் என்று தெரியவில்லை. உங்கள் தம்பியிடம் என்ன பேசப்போகிறார் என்பதும் தெரியவில்லை. சற்று முன்னால் குடோன் ஆள் வாளியும் துணியுமாக வந்து, "சீட்டைக் கழுவிடவா மொதலாளி, நாத்தம் குடலைப் புரட்டுது" என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். மஞ்சள் கயிறோடு பாட்டில் முன்சீட்டில் நிற்கிறது, மூடியை இறுக்கித் திருகிவிட்டேன். நாளை சம்பந்தியம்மா கதவைத் திறக்கும்போது அந்த வாசனை இங்கேயே இருக்கட்டும். என்ன வாசனை என்று கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.